இருளில் எதிர்ப்பட்டது எது? ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் நிலத்தில் ஒரு பழைய கேள்வியும் அதன் விடைகளும்

ஏரிக்கரையிலோ கம்பெனி மதிலோரத்திலோ இரவில் தனியாகப் போகிற ஒருவர், அடையாளம் தெரியாத ஓர் உயிரை எதிர்கொள்கிறார். இரண்டு கண்கள் மின்னி மறைகின்றன. அல்லது பெண் அலறுவது போன்ற ஒரு குரல் தலைக்கு மேலே கடந்து போகிறது. அல்லது நாயைவிடப் பெரிதாகத் தெரிந்த ஏதோ ஒன்று சாலையைத் தாண்டி வேலிக்காத்தான் புதருக்குள் இறங்குகிறது. விடிந்து போய்ப் பார்த்தால் அங்கே ஒன்றும் இல்லை. அது என்ன?

தொண்டை மண்டலத்தில் இந்தக் கேள்விக்குப் பதில்கள் ஒருபோதும் குறைந்ததில்லை. காவல் தெய்வம் என்றார்கள், பேய் என்றார்கள், ஆந்தை என்றார்கள், நரி என்றார்கள், மனப்பிரமை என்றார்கள். அண்மைக்காலத்தில் சிறுத்தை என்கிறார்கள். ஒவ்வொரு விடைக்கும் ஒரு பிறப்பிடம் உண்டு, ஒரு பலவீனமும் உண்டு. இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சுங்குவார்சத்திரம் வரையிலும், தெற்கே ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள் கோவில் வரையிலும் நீளும் தொழிற்பட்டையில் இந்தக் கேள்வி இன்று புதிய வேகத்தோடு எழுவதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கிறது. முன்பு இங்கே இரவில் வெளியே நின்றவர்கள் ஏரித் தண்ணீர் பாய்ச்சுகிறவரும், ஆட்டுக்கிடைக்குக் காவல் இருந்தவரும், வேட்டைக்குப் போன இருளரும்தான். அவர்களுக்கு இருட்டு பழகிய இடம். இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் ஹூண்டாய் கார்கள் வெளிவரத் தொடங்கியதிலிருந்து இன்றுவரை அடுத்தடுத்து வந்த ஆலைகள், இந்த மண்ணின் இரவை முன்பின் அறியாத பல்லாயிரம் பேரை இரவு ஷிப்டுக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கின்றன.

ஆலங்காட்டு நள்ளிரவு

இப்பகுதியின் இரவைப் பற்றிய மிகப் பழைய சித்திரங்களில் ஒன்று, காரைக்கால் அம்மையாரின் திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் இருக்கிறது. திருவாலங்காடு ஸ்ரீபெரும்புதூருக்கு வடமேற்கே முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கும் ஊர். அம்மையாரை ஐந்தாம், ஆறாம் நூற்றாண்டுகளை ஒட்டி வைப்பது ஆய்வாளரிடையே பெரும்பான்மை வழக்கு. பதிகத்தின் களம் சுடுகாடு; பேய்கள் அங்கே குடித்தனம் நடத்துகின்றன. ஆயினும் அதைப் பேய்க்கதையாக மட்டும் படித்தால் ஒன்றைத் தவறவிடுவோம். நள்ளிரவில் கேட்பவற்றை அவர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லித் தருகிறார். வாகையின் காய்ந்த நெற்று ஒலிக்கிறது. கூகையும் ஆண்டலையும் பாடுகின்றன. ஆந்தை கிளையில் குதித்து ஓடுகிறது. வேறோரிடத்தில் குறுநரி ஓமக்குழியில் இட்ட சோற்றைத் தின்கிறது.

வாகை நெற்றை முதலில் வைத்தது கவனத்துக்குரியது. பழுத்துக் காய்ந்த வாகைக்காய் வைக்கோல் நிறத்தில், காகிதம்போல் தட்டையாக, உள்ளே விதைகள் தனித்தனியே கழன்று தொங்கும். இலையுதிர்ந்த மரத்தில் காற்று லேசாகப் பட்டாலே ஆயிரக்கணக்கான நெற்றுகள் ஒருசேரச் சலசலக்கும். மரம் கண்ணுக்குத் தெரியாத இருட்டில் அது யாரோ கூடிப் பேசுவதாகவே காதுக்குப் படும். இரவில் கேட்பதெல்லாம் விலங்கின் குரல் அல்ல என்ற எச்சரிக்கை ஒன்றரை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இந்த வட்டாரத்துக் கவிதையில் இருக்கிறது.

ஆண்டலை எந்தப் பறவை என்பது தீராத வழக்கு. ஆண்மகனின் தலை போன்ற தலையுடைய பறவை என்று அகராதிகள் பொருள் தருகின்றன. ஆந்தையினத்தில் ஒன்றாக இருக்கலாம் என்று கொள்வோரும் உண்டு. இதய வடிவில் தட்டையான வெள்ளை முகம் கொண்ட கூகையைக் கண்டவருக்கு இந்த விளக்கம் உடனே பிடித்துவிடும். சிக்கல் என்னவென்றால், அம்மையார் கூகையை அதே அடியில் தனியாகச் சொல்கிறார். அப்படியானால் ஆண்டலை வேறு. பக்திப் பாடலை உயிரியல் பட்டியலாக எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கேள்வியும் இதோடு சேர்ந்தே வருகிறது. ஈசன் ஆடும் அரங்கை எழுப்புவதே பாடலின் நோக்கம், பறவைகளை எண்ணுவதல்ல. இருந்தாலும், பேயை நம்பிய ஒருவர் நரியை நரியாகவும் நெற்றை நெற்றாகவும் கேட்டறிந்திருக்கிறார் என்பது, 'முன்னோர் எல்லாவற்றையும் பேய் என்றார்கள்' என்ற சுலபமான கூற்றை மறுக்கப் போதுமானது.

காவல் தெய்வமும் கொள்ளிவாயும்

ஏரிக்கரைகளில் ஐயனார் கோயில் இருப்பதும், அவர் பரிவாரத்தோடு இரவில் குதிரையேறி ஊரைச் சுற்றி வருவார் என்பதும் தமிழ்நாடெங்கும் பரவிய நம்பிக்கை. பனையில் முனி இருப்பதும் அப்படியே. இந்த மரபில், இரவில் எதிர்ப்படுவதை அடையாளம் காண்பது முக்கியமே இல்லை. எப்படி நடந்துகொள்வது என்பதே முக்கியம். திரும்பிப் பார்க்காதே, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் குரல் கொடுக்காதே, நேரம் கெட்ட நேரத்தில் தனியே போகாதே. கட்டுவிரியன் ஊரும் வரப்பில் இந்த விதிகள் மோசமானவை அல்ல. வழியில் நிற்பதற்கு வழிவிட்டு ஒதுங்கிப் போகச் சொல்கிற நம்பிக்கை, அந்த விலங்குக்கும் நல்லதையே செய்திருக்கிறது.

இந்த விடையின் பலவீனம் வெளிப்படையானது. எந்தச் சான்று வந்தாலும் அதற்குள் அடங்கிவிடும். அதைத் தவறென்று காட்ட வழியே இல்லை. அதைவிடக் கெடுதலான விளைவு ஒன்றும் உண்டு. சாவை அறிவிக்க வருவது என்று சாக்குருவிப் பெயர் சூட்டப்பட்டதால், வயலில் எலி பிடித்து வாழும் கூகை பல ஊர்களில் கல்லடிபட்டுச் செத்திருக்கிறது. வேளாண்மைத் துறையினர் கூகை உட்கார வயலில் குச்சி நடச் சொல்லும் காலத்திலும் இது முழுதாக நிற்கவில்லை என்பது வருத்தத்துக்குரியது.

ஏரிகளும் சதுப்பும் நிறைந்த இடத்தில் கொள்ளிவாய்ப் பிசாசு பற்றிய பேச்சு இல்லாமல் போகாது. 1776-இல் இத்தாலியின் மஜ்ஜோரே ஏரியில் அலெசாண்ட்ரோ வோல்டா சேற்றைக் கிளறி எரியும் வாயுவைச் சேகரித்ததிலிருந்து, சதுப்பு வாயு தீப்பற்றுவதே கொள்ளிவாய் என்பது பாடநூல் விளக்கமாகிவிட்டது. மீத்தேன் தானாகப் பற்றிக்கொள்ளாது என்பதால், பாஸ்பரஸ் சேர்ந்த வாயுக்கள் பற்றவைக்கின்றன என்று பின்னர் சேர்த்தார்கள். கண்டவர்கள் சொல்லும் குளிர்ந்த, புகையற்ற, நகரும் ஒளி அந்த நெருப்போடு ஒத்துப்போகாததால் விவாதம் இன்றும் தொடர்கிறது. விலங்கோடு முடிச்சுப்போடும் விளக்கமும் ஒன்று உண்டு. 1907–08 குளிர்காலத்தில் இங்கிலாந்தின் நார்ஃபோக்கில் ஒளிவிடும் கூகைகளைக் கண்டதாகப் பலர் எழுதினார்கள். மரப்பொந்தில் வளரும் ஒளிரும் பூஞ்சை இறகில் ஒட்டியிருக்கலாம் என்று அப்போது ஊகித்தார்கள். கையில் பிடித்துச் சோதித்த பறவை ஏதும் இல்லாததால் அது ஊகமாகவே நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் மின்மின் ஒளியைப் பற்றி 2003-இல் எழுதிய ஜாக் பெட்டிகுரூ, தொலைவில் போகும் வண்டிகளின் விளக்கொளி குளிர்ந்த காற்றடுக்கில் வளைந்து வருவதே காரணம் என்று வாதிட்டார். இரவெல்லாம் கனரக லாரிகள் ஓடும் ஒரகடத்துச் சமவெளியில் இந்த விளக்கத்தைத் தள்ளிவிட்டு மற்றதற்குப் போக முடியாது.

இந்தத் தொழிற்பட்டைக்கே உரிய ஒரு மாற்றத்தையும் சொல்ல வேண்டும். வங்கம், ஒடிசா, பீகார், அசாம், ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்கள் தங்கள் ஊர் இரவையும் உடன் கொண்டுவந்திருக்கிறார்கள். வங்கத்தில் நிஷி என்பது நள்ளிரவில் வேண்டியவரின் குரலில் பெயர் சொல்லி அழைக்கும். ஒருமுறை கூப்பிட்டதற்குப் பதில் சொல்லக் கூடாது. அங்கத்திய சதுப்பொளிக்கு ஆலேயா என்று பெயர். ஒரே மதிலோரத்தில் காவல் நிற்கும் இருவர் ஒரே அலறலைக் கேட்டு, ஒருவர் முனி என்றும் மற்றவர் நிஷி என்றும் கொள்ள முடிகிற இடம் இது. விடைகள் இரண்டும் வேறாக இருக்க, 'கூப்பிட்டால் திரும்பாதே' என்ற விதி மட்டும் இருவருக்கும் பொதுவாக இருப்பதைக் கவனிக்கத் தோன்றுகிறது.

குரலுக்கு உரியவர்

இயற்கையறிஞர்களின் விடைதான் எல்லாவற்றிலும் வளமானது. பெரும்பாலான சந்திப்புகளுக்கு அது போதும் என்பதே என் கணிப்பு. மா. கிருஷ்ணன் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் எழுதிவந்த பத்தியிலும், சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த அவரது தமிழ்க் கட்டுரைகளிலும் காணும் பார்வை இந்த மரபின் மிகச் சிறந்த வடிவம். தூரத்துக் காட்டைத் தேடிப் போகாமல், வீட்டுக் கொல்லையிலும் ஊர்ப்புறத்திலும் இருப்பதை உற்றுப் பார்க்கும் மரபு அது.

அலறலிலிருந்து தொடங்கலாம். கூகை 'கூ' என்று கூவுவதில்லை. பறந்துகொண்டே, துணியைக் கிழிப்பதுபோல இழுத்து அலறும். அதன் சிறகின் முன்விளிம்பு சீப்புப் பற்களைப்போல் பிளவுபட்டிருப்பதால் பறக்கும் ஓசை காதில் விழாது. ஓசையே இல்லாமல் வந்து, தலைக்கு மேலே ஒருமுறை அலறிவிட்டு, ஓசையே இல்லாமல் போய்விடும். கீழிருந்து ஆலை விளக்கின் வெளிச்சத்தில் பார்த்தால் வெளிறிய வயிறும் சிறகும் மட்டும் மிதந்து செல்வதாகத் தெரியும். வெள்ளையுடுத்த உருவம் என்ற வருணனைக்கு இதைவிடப் பொருத்தமான பிராணி இந்நிலத்தில் இல்லை.

ஆனால் பலரும் அறியாத இன்னொரு குரல்காரர் உண்டு: கண்கிலேடி. கோழி அளவில், நீண்ட மஞ்சள் கால்களும் முகத்துக்குப் பொருந்தாத பெரிய மஞ்சள் கண்களும் கொண்ட தரைப்பறவை. பகலெல்லாம் புதர் நிழலில் மண்ணோடு மண்ணாக அசையாமல் நிற்கும். நாலடி தூரத்தில் கடந்து போனாலும் கண்ணில் படாது. இருட்டியதும் வெட்டவெளியில் ஓடி மேய்ந்து, ஒன்று தொடங்க மற்றொன்று வாங்கிக்கொள்ள, ஏறிக்கொண்டே போகும் சோகமான நீள் குரல் எழுப்பும். கல்லும் முள்ளும் கலந்த புறம்போக்கு, காய்ந்த ஏரிப் படுகை, மனை போட்டுவிட்டுக் கட்டாமல் கிடக்கும் நிலம் என அது விரும்பும் இடமெல்லாம் இந்தப் பட்டையில் உண்டு. மனிதர் யாருமில்லாத வெட்டவெளியிலிருந்து அழுகைக் குரல் வந்தது என்று சொல்லப்பட்டால், முதலில் சந்தேகிக்க வேண்டிய பறவை இதுவே.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். ஆட்காட்டி தன் முட்டைக்கு அருகே யார் வந்தாலும் நடுஇரவிலும் கத்தும். வக்கா தண்ணீர்மேல் பறந்தபடி ஒற்றைக் கரகரப்பு விடும். பக்கி தார்ச்சாலையில் படுத்திருக்கும். வண்டி வெளிச்சத்தில் தரையோடு ஒரு செந்நிறக் கனல் தெரிந்து, நெருங்கும்போது எழுந்து மறையும். சென்னையின் தெற்கு விளிம்பில் நன்மங்கலம் காப்புக்காட்டின் கைவிடப்பட்ட கல்குவாரி, கொம்பன் ஆந்தைக்குப் பெயர்போனது. அதன் ஆழ்ந்த இரட்டைக் குரல் நெடுந்தூரம் போகும், குவாரிகளுக்கோ இந்த மாவட்டங்களில் பஞ்சமில்லை.

நரியின் குரலால் ஏற்படும் குழப்பம் வேறு வகை. இரண்டு மூன்று நரிகள் சுருதி மாற்றி மாற்றி ஊளையிட்டால் பத்துப் பன்னிரண்டு என்று தோன்றும். பாலூட்டிகளில் இன்னும் சில சந்தேகத்துக்குரியவை: கூரைக்கும் மரத்துக்கும் தாவும் மரநாய், தரையில் நடமாடும் வரிவாலன் புனுகுப்பூனை, நீண்ட கால்களால் உண்மையைவிடப் பெரிதாகத் தெரியும் காட்டுப்பூனை. மூன்றுமே புதரும் ஏரியும் வயலும் கலந்த நிலத்தில் வாழக்கூடியவை. மனிதரைக் கண்டதும் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போகும். அந்த ஒரு கணம்தான் கதையாகிறது.

இந்த விடைக்கும் பலவீனம் இருக்கிறது. பின்னால் கேட்டறிந்து பெயர் சூட்டுவது இலகு. 'அலறலா? கூகை. அழுகையா? கண்கிலேடி' என்று பட்டியலைப் பார்த்துப் பொருத்துவதும் ஒருவகையில் முனி என்பதைப் போலத்தான்; கேட்டவர் மறுபடி அந்தக் குரலைக் கேட்டு 'இதேதான்' என்று சொல்லும்வரை அது நிரூபணமாகாது.

உலமாவின் எச்சரிக்கை

அப்படிப் பெயர் சூட்டுவதில் உள்ள சிக்கலுக்கு இலங்கை ஒரு நல்ல எடுத்துக்காட்டு. சிங்களத்தில் உலமா என்றும் ஆங்கிலேயரால் பேய்ப்பறவை என்றும் அழைக்கப்பட்ட பறவையின் குரல், கழுத்து நெரிக்கப்படும் மனிதரின் ஓலம் போன்றது என்பார்கள். கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சிறைப்பட்டிருந்த ராபர்ட் நாக்ஸ், 1681-இல் வெளிவந்த நூலில், மலைநாட்டு இரவுகளில் நாய் குரைப்பது போன்ற கூர்மையான பிசாசுக் குரலைப் பற்றி எழுதினார். 1861-இல் ஜேம்ஸ் எமர்சன் டென்னென்ட், பறவையின் அடையாளம் பற்றிய கருத்து வேற்றுமைகளைப் பதிவு செய்தார். அன்று முதல் பழுப்புக் காட்டாந்தை, பெரும் கொம்பாந்தை, தேன்பருந்து, குடுமிக் கழுகு, பக்கி வகையொன்று எனப் பல பெயர்கள் முன்வைக்கப்பட்டன. இன்று பெரும் கொம்பாந்தையே என்ற கருத்து வலுவாக இருக்கிறது.

ஏன் இத்தனை தாமதம்? கேட்டவர் பார்க்கவில்லை, பார்த்தவர் கேட்கவில்லை. மேலும், 'உலமா' என்று எல்லோரும் சொன்ன குரல் ஒரே பறவையுடையது என்பதற்கே உத்தரவாதம் இல்லை. ஒரு பெயருக்குள் பல பறவைகள் அடங்கியிருக்கும்போது 'அது எந்தப் பறவை' என்று கேட்டால் விடை வராது. நம் சாக்குருவிக்கும் இதுவே பொருந்தும். சில இடங்களில் அது கூகை, சில இடங்களில் புள்ளி ஆந்தை.

பார்ப்பவரின் கண்

விலங்கை விட்டுவிட்டுச் சாட்சியை ஆராய்கிறவர்களின் நிலைப்பாடு அடுத்தது. விழித்திரையின் நடுப்புள்ளியில் மங்கலொளியை உணரும் கோல்செல்கள் இல்லை. அதனால் இருட்டில் ஒன்றை நேராக உற்றுப் பார்த்தால் அது மறையும். கண்ணைச் சற்று விலக்கினால் மறுபடி தெரியும். 'பார்த்ததும் மறைந்துவிட்டது' என்ற வாக்குமூலத்தில் பாதி இதிலேயே அடங்கிவிடுகிறது. கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். உயர்கம்ப விளக்கின் கீழ் நிற்கும் செக்யூரிட்டியின் கண்ணுக்கு அந்த வாய்ப்பே கிடைப்பதில்லை. வெளிச்ச வட்டத்துக்கு அப்பால் அவருக்குத் தெரிவது, டார்ச் அடித்தால் திருப்பி மின்னும் கண்கள் மட்டுமே. நாய், பூனை, நரி, மாடு எல்லாவற்றின் விழித்திரைக்குப் பின்னும் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் உண்டு, மனிதருக்கு இல்லை. மின்னும் நிறம் ஒளியின் கோணத்தைப் பொறுத்து மாறும். உடல் தெரியாத நிலையில், மண்மேட்டில் நிற்கும் பூனையின் கண்ணும் தரையில் நிற்கும் பெரிய விலங்கின் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கும்.

இருட்டில் அசையாத ஒளிப்புள்ளியொன்று நகர்வதாகத் தோன்றும் என்பதை 1799-இல் அலெக்சாண்டர் ஹம்போல்ட் விண்மீன்களைப் பார்க்கையில் கவனித்தார். 1935-இல் முசாபர் ஷெரிப் இதை வைத்தே ஒரு சோதனை செய்தார். தனித்தனியே பார்த்தவர்கள் ஒளி எவ்வளவு நகர்ந்தது என்று வெவ்வேறு அளவு சொன்னார்கள். கூடியிருந்து பார்த்தபோது அவர்களின் அளவுகள் ஒன்றையொன்று நெருங்கிவந்தன. நகராத ஒன்றைப் பற்றிக்கூட மனிதர் ஒத்த கருத்துக்கு வர முடியும். விடுதி அறையிலும் கம்பெனி பஸ்ஸிலும் கதைகள் ஒரே வடிவத்துக்கு வருவதைப் புரிந்துகொள்ள இது உதவும். காற்றின் பங்கும் உண்டு. தரை குளிர்ந்து மேலே வெப்பக்காற்று நிற்கும் இரவுகளில் ஒலி மேலே சிதறாமல் கீழ்நோக்கி வளைவதால், ஏரிக்கு அக்கரையில் எழுந்த குரல் பக்கத்தில் கேட்பதாகப் படும். அதிகாலை மூன்று மணியளவில் உடலின் விழிப்பு மிகத் தாழ்ந்திருக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்த நிலைப்பாட்டை நான் மதிக்கிறேன். ஆனால் அதை முதல் விடையாக நீட்டுவதில் ஓர் அநீதி இருக்கிறது. சாட்சி கூலித்தொழிலாளியாக இருந்தால் 'தூக்கக் கலக்கம்' என்று சொல்லி முடிப்பது அதிகாரத்துக்கு வசதியானது. கண் தவறும் என்பது எல்லாக் கண்ணும் எப்போதும் தவறியது என்று ஆகாது.

செம்மங்குளத்தில் வந்தது

சாட்சியின் கண் சரியாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு 2024 ஏப்ரல் ஒரு சான்று. ஏப்ரல் 2 இரவு மயிலாடுதுறை நகரின் செம்மங்குளம் பகுதியில் சிறுத்தையைக் கண்டதாகச் சிலர் சொன்னார்கள். சுற்றிலும் காவிரிப் படுகையின் நெல்வயல். சிறுத்தை வாழும் காடு எதுவும் பக்கத்தில் இல்லை. 'நாயைப் பார்த்திருப்பார்கள்' என்று தள்ளிவிடக்கூடிய தகவல்தான் அது. ஆனால் சிசிடிவி பதிவில் சிறுத்தையே இருந்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். வனத்துறையினர் தானியங்கிக் கேமராவும் கூண்டும் வைத்தார்கள். பிறகு குத்தாலம் பக்கம் காஞ்சிவாயில் தேடினார்கள். சில நாளில் அரியலூர் மாவட்டம் செந்துறையில் மறுபடி கேமராவில் தென்பட்டது. பிடிபடவில்லை. எங்கிருந்து வந்தது என்பது நிறுவப்படாமலே போயிற்று.

இதன் மறுபக்கமாக, மகாராஷ்டிரத்தில் அப்போது அகமதுநகர் என்றிருந்த மாவட்டத்தின் அகோலே பள்ளத்தாக்கு. கரும்பும் காய்கறியும் விளையும், சதுரக் கிலோமீட்டருக்கு 300 பேருக்கு மேல் வாழும், காடே இல்லாத நிலம். வித்யா ஆத்ரேயாவும் உடனாய்வாளர்களும் 2013-இல் வெளியிட்ட கேமராப் பொறி ஆய்வு, அங்கே 100 சதுரக் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஐந்து வளர்ந்த சிறுத்தைகளும் அதே அளவு கழுதைப்புலிகளும் இருப்பதாக மதிப்பிட்டது. மனிதர் நெருங்கி வாழும் இடத்தில் பெரிய ஊனுண்ணி கண்ணில் படாமல் நிலையாக வாழ முடியும் என்பது அதன்பின் விவாதத்துக்குரியதாக இல்லை.

செங்கல்பட்டைச் சுற்றியுள்ள காப்புக்காட்டு ஓர ஊர்களில் சிறுத்தைப் பேச்சு பலமுறை எழுந்து அடங்கியிருக்கிறது. ஒரகடத்திலிருந்து அது தொலைதூரம் அல்ல. ஆயினும் அகோலேயை அப்படியே இங்கே பெயர்த்து வைக்க முடியாது. அங்கே ஒளிய ஆளுயரக் கரும்பு வெகுபரப்பில் இருக்கிறது, பக்கத்தில் மேற்குத் தொடர்ச்சி மலை இருக்கிறது. இங்கே காப்புக்காடுகள் துண்டு துண்டாக, ஆறுவழிச் சாலைகளுக்கு இடையே கிடக்கின்றன. எப்போதாவது ஒன்று கடந்து போகலாம் என்பது வேறு. நிலையாக வாழ்கிறது என்பது வேறு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவதால்தான் ஒரு புறம் பீதியும் மறுபுறம் ஏளனமும் பெருகுகின்றன. இரவில் நடந்து போகிறவருக்கு உண்மையான ஆபத்து காலடியில் இருக்கும் விரியன்தான். அதை அறிந்தவர்கள் இதே மாவட்டங்களின் இருளர்கள். 1978-இல் வடநெம்மேலியில் அமைந்த அவர்களது பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் நாட்டின் நச்சுமுறி மருந்துக்கு மூலநஞ்சு தந்துவருகிறது. தடம், எச்சம், பொந்து, வாடை ஆகியவற்றைக் கொண்டு இரவில் வந்துபோனதைப் படிக்கும் அவர்களின் அறிவு இந்த விவாதங்களில் அரிதாகவே இடம்பெறுகிறது. பெரிய குறை அது.

தரிசு என்று எழுதப்பட்ட நிலம்

கடைசி நிலைப்பாடு சூழலியலாளருடையது. அவர்கள் 'அது என்ன' என்பதைத் தள்ளிவைத்து, 'அது ஏன் நமக்குத் தெரியவில்லை' என்று கேட்கிறார்கள். 2022-இல் எம்.டி. மதுசூதனும் அபி வனக்கும் வெளியிட்ட வரைபட ஆய்வு, இந்தியாவின் மிதவறட்சிப் பகுதிகளில் உள்ள புல்வெளி, புதர்க்காடு, பாறைவெளி போன்ற திறந்த இயற்கை நிலங்கள் நாட்டுப் பரப்பில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு என்றும், அதில் ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவே பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் வருகிறது என்றும் காட்டியது. ஆவணங்களில் இவற்றுக்குப் பெயர் பெரும்பாலும் தரிசு. தரிசில் யாரும் விலங்கைத் தேடுவதில்லை. தேடாத இடத்தில் எதிர்ப்பட்டது விளங்காததாகிவிடுகிறது.

இந்த வாதம் எனக்குப் பெரிதும் ஏற்புடையது. இதே பழைய செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில் கொக்கும் நாரையும் கூடும் ஏரிக்கு, 1798-இலேயே ஆட்சியர் லயனல் பிளேசிடமிருந்து ஊரார் பாதுகாப்பு உரிமை பெற்றார்கள். பகல் பறவைக்கு இரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட கவனிப்பு இருக்கிறது. இரவு விலங்குக்கு அதில் சிறு பங்குகூடக் கிடைக்கவில்லை.

தொழிற்பேட்டைகள் விலங்குகளை விரட்டிவிட்டன என்பது இந்த வாதத்தின் பிரபல வடிவம். அது முழு உண்மை அல்ல. மேய்ச்சல் புறம்போக்கு மதிலுக்குள் போனதால் கண்கிலேடியும் நரியும் இடமிழந்திருக்கும் என்பது நியாயமான ஊகம். கேன்டீன் கழிவால் பெருச்சாளி பெருகும் இடத்தில் கூகைக்கும் பாம்புக்கும் இரை கூடும். இரவு முழுக்க எரியும் விளக்கைச் சுற்றிப் பூச்சி மொய்க்க, புள்ளி ஆந்தையும் பக்கியும் வௌவாலும் அங்கே வேட்டையாடும். ஆலை ஒதுக்கி வைத்து இன்னும் கட்டாத நிலத்தில் வேலிக்காத்தான் அடர்ந்து, நடமாட்டமற்ற புகலிடமாகிறது. சிலவற்றுக்கு இழப்பு, சிலவற்றுக்கு வரவு. இரண்டின் விளைவும் ஒன்றே: மனிதரும் விலங்கும் முன்பைவிட நெருக்கமாக, முன்பைவிட அறிமுகம் குறைந்தவர்களாகச் சந்திக்கிறார்கள்.

முடிவாகாதவை

மொத்தத்தில், தனியே நிற்பவர் கேட்கும் குரல்களில் பெரும்பகுதி ஐந்தாறு பறவைகளுக்கும் நரிக்கும் உரியது என்று கொள்ள வலுவான அடிப்படை இருக்கிறது. காணும் உருவங்களில் கணிசமானவை பூனை, மரநாய், நாய் வகைகளே என்பதும் அப்படியே. கண்ணின் இயல்பு அவற்றைப் பெரிதாக்குகிறது. ஊரின் கதை அவற்றுக்கு முகம் தருகிறது.

திறந்திருப்பவை இவை. ஏரிப் படுகைகளில் நரிகள் தொடர்ந்து இனம்பெருக்கி வாழ்கின்றனவா, அல்லது எஞ்சிய சிலவற்றின் குரல்தான் கேட்கிறதா? துண்டுபட்ட காப்புக்காடுகளுக்கு இடையே பெரிய விலங்கு கடக்க வழி மிச்சமிருக்கிறதா? கொள்ளிவாய் என்று சொல்லப்படும் ஒளிகளில் வண்டி விளக்கைக் கழித்தபின் ஏதாவது மீதி நிற்கிறதா? முதல் கேள்வி, ஏரிக்கரை மரத்தில் ஓர் ஒலிப்பதிவுக் கருவியை ஓராண்டு விட்டுவைத்தால் நெருங்கக்கூடியது. குரலை அடையாளம் காணும் மென்பொருள்கள் இன்று கைபேசியிலேயே உள்ளன. இரண்டாவதற்குக் கேமராப் பொறியும், தடம் படிக்கத் தெரிந்த இருளரும் சேர்ந்து வேண்டும். மூன்றாவதற்குத் தேவையானது ஒளி தெரிந்த திசை, நேரம், அந்த நேரத்தில் அந்தத் திசையில் சாலை உண்டா என்ற குறிப்பு. காவல் கூண்டில் வருகைப் பதிவேடு ஏற்கெனவே இருக்கிறது. அதில் ஒரு பக்கத்தை இதற்கு ஒதுக்கினால், ஏளனத்துக்கு அஞ்சாமல் எழுதலாம் என்ற உறுதியை மேலதிகாரி கொடுத்தால், சாட்சிகளுக்குக் குறைவிருக்காது.